ரப்பர் பால் மாதிரிதான்

நித்தியாவின் கண்கள் இரண்டும் வீங்கி மூடிவிட்டன. உதடு தடித்துத் தொங்கியது. வாயைச் சுற்றியும் கழுத்திலும் சிவப்பாகக் கொப்புளங்கள். குமுதாவின் மகள், ஆறு வயதுப் பிள்ளை. நேற்று வெறும் அரிப்புதான் இருந்தது. இன்று எச்சில் விழுங்க முடியவில்லை, மூச்சை இழுக்கும்போது தொண்டையில் கரகரவென்று சத்தம் வருகிறது.

வாசலில் கலாவதி வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தாள். குமுதாவின் கணவன் சத்தியசீலனுக்கு மூத்த அக்கா, இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவள். அவன் லோரி ஓட்டிக்கொண்டு ஜொகூர் போயிருந்தான். போன் எடுக்கவில்லை.

"அண்ணி, இது அம்மை இல்ல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும்."

"வாய மூடு குமுதா. ஆத்தா வந்து இறங்கியிருக்கா. எங்க சின்னவனுக்கும் இப்படித்தான் வந்துச்சி. கேக்காம தூக்கிட்டுப் போயி ஊசி போட்டாங்க. திரும்பி வந்தானா?"

கலாவதியின் தம்பி செத்த கதையோடு எப்படி வாதாடுவது?

"இவ என் அலமாரியத் திறந்து கரண்டிய எடுத்து வாயில வச்சி விளையாடிருக்கா அண்ணி. அரக்கு காயாத கரண்டி. அதுதான் இப்படிப் பண்ணுது."

குமுதா, மரப்பாலைப் பூசிப் பளபளப்பாக்கும் ஜப்பான் அரக்கு வேலை செய்பவள். கோலாலம்பூரில் ஒரு ஜப்பான்காரம்மாவிடம் கற்றுக்கொண்டது. மரக் கிண்ணம், கரண்டிகளுக்குப் பூசி அனுப்புவாள். வெயிலில் வைத்தால் அந்த அரக்கு காயாது. ஈரம் வேண்டும். அதனால் பூசியதைக் காயவைக்கப் படுக்கையறையில் ஒரு சின்ன மர அலமாரி, உள்ளே நனைத்த துணி. கலாவதி பிள்ளையைப் படுக்க வைத்திருந்ததும் அதே அறையில்தான். அங்கேதான் குளிர்ச்சியாம்.

"நீ என்னா சொன்ன எங்கிட்ட? மரத்தக் கீறிப் பால் எடுப்பாங்க, ரப்பர் பால் மாதிரிதான்னு சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்."

"எங்கம்மா வயித்துப் பிள்ளையோட பால் வெட்டுனாங்க. நாங்க எல்லாம் அந்தப் பால்ல பந்து உருட்டி விளையாண்டவங்க. எவ மூஞ்சி வீங்குச்சி?"

"இது வேற பால், அண்ணி."

"நீ தெனமும் அதுலதான கைய வைக்கிற? உனக்கு ஒன்னும் ஆவலியே?"

"மொதல்ல எனக்கும் வந்துச்சி. அப்புறம் ஒடம்புக்குப் பழகிடுச்சி."

"பழகுறதுக்கு அது என்னா லயத்து வீட்டு நாயா? போடி!"

குமுதா பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே ஓடினாள். கிராப் டாக்சி போட்டுப் பார்த்தாயிற்று, எஸ்டேட் தோட்டத்துக்குள் வர எந்த டிரைவரும் ஏற்கவில்லை. ஆம்புலன்ஸ் தஞ்சோங் காராங் பக்கம் விபத்துக்குப் போயிருக்கிறதாம். எதிர்வீட்டு அழகேசன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஆஸ்பத்திரிக்கு விடுங்கண்ணே."

அவர் பிள்ளையைப் பார்த்தார், வாசல் வேப்பிலையைப் பார்த்தார், பின்னால் ஓடிவந்த கலாவதியைப் பார்த்தார்.

"அம்மை போட்ட பிள்ளைய வண்டில ஏத்துனா எப்படிம்மா? வீட்டுல மகளுக்கு மாசம் எட்டு. கலாவதி அக்காவ அம்மை இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு, எடுக்குறேன்."

கலாவதி தலையை ஆட்டி மறுத்தாள். நித்தியா இருமினாள். இருமலுக்குப் பிறகு மூச்சு உடனே வரவில்லை. குமுதா முதுகில் தட்டினாள். விசில் மாதிரி ஒரு சத்தத்தோடு கொஞ்சம் காற்று உள்ளே போனது.

குமுதா ரவாங் டவுனில் வளர்ந்தவள். காடு தெரியாது, மரம் தெரியாது. ஆனால் அந்த ஜப்பான்காரம்மா முதல் நாளே எச்சரித்த ஒரு பெயர் இப்போது வாயில் வந்தது.

"அண்ணி, ரெங்காஸ்! ரெங்காஸ் மரம் தெரியுமா? இது அந்த மரத்துக்குச் சொந்தம். அந்தச் சாதிப் பால்!"

கலாவதியின் முகம் மாறியது.

"ரெங்காஸா?"

"ஆமா அண்ணி."

"எங்கப்பா ஆத்தங்கரைல ரெங்காஸ் வெட்டப் போயி மூஞ்சி பூசணிக்கா மாதிரி ஊதி வந்தாரு. ஒரு வாரம் கண்ணு தெரியல. அடிப் பாவி... அதையா வீட்டுக்குள்ள வச்சிருந்த? பிள்ளை படுக்குற ரூம்புலயா?"

"ஆமா."

"அழகேசா, வண்டிய எடு! ஆத்தா இல்ல. வெசம். எடு!"

பிள்ளையைக் குமுதாவின் தோளிலிருந்து பிடுங்கிக்கொண்டு கலாவதி பின்சீட்டில் ஏறினாள். குமுதா பக்கத்தில் ஏறப் போனாள்.

"நீ முன்னாடி போ. அந்தக் கையால என் பிள்ளையத் தொடாத."

காலையில் வேலை செய்த கை. நகக்கண்களில் அரக்கின் கறுப்பு இன்னும் இருந்தது. கலாவதி சொன்னது நியாயம்தான். குமுதா முன்சீட்டில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"அந்தப் பாலு இனிமே வீட்டுல இருக்கக்கூடாது."

"இருக்காது அண்ணி."

கோலசிலாங்கூர் ரோட்டில் முன்னால் செம்பனை எண்ணெய்க் குலை ஏற்றிய ஒரு லோரி ஊர்ந்துகொண்டிருந்தது. முந்த இடமில்லை. அழகேசன் ஹார்னை அழுத்திப் பிடித்தார்.

"அண்ணே, ஹார்ன் அடிக்காதீங்க," என்றாள் குமுதா. "எனக்கு அவ மூச்சு கேக்கல."

அவர் கையை எடுத்தார். பின்னால் கலாவதி, "இழு கண்ணு, இழு, அத்தைக்காக இழு," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கரகரவென்று ஒரு மூச்சு வந்தது. குமுதா திரும்பிப் பார்க்காமல் அடுத்ததற்குக் காத்திருந்தாள்.