ஏரிக்குள் எங்கள் தெரு

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் ஓஸ்வால்ட் அங்கிள் வீட்டு ஹாலில் புரொஜெக்டர் படம் சுவரில் விழுந்ததும் நான் கத்திவிட்டேன்.

"அங்கிள், எங்க தெரு எங்க?"

பீன்யாவில் நான் பிறந்து வளர்ந்த தெரு இருக்க வேண்டிய இடத்தில் நீல நிறத்தில் ஓர் ஏரி கிடந்தது.

எங்களுடையது அங்கிள் நடத்தும் வரைபடக் குழு. ஞாயிற்றுக்கிழமை கூடுவோம். சாட்டிலைட் படத்தைப் பார்த்து ஊரின் தெருக்களையும் வீடுகளையும் இணைய வரைபடத்தில் வரைவோம். சம்பளம் கிடையாது, பேட்ஜ் உண்டு. வரைய வரைய செல்போனில் வட்டம் வட்டமாக வந்து மின்னும். பேட்ஜ் கூடினால் அதிகாரமும் கூடும். எல்லோரையும்விட எலெக்ட்ரானிக் சிட்டி அனன்யாவிடம்தான் அதிகம். 'உள்ளூர் அறிவு' என்றே ஒன்று வைத்திருக்கிறாள். பீன்யா பக்கம் அவள் தலைவைத்துப் படுத்ததில்லை.

"இமேஜ்ல நீலமா இருந்துச்சு விஜி. வாட்டர் பாடின்னு போட்டேன்."

"அது தார்ப்பாய்! மழைக்குக் கூரை மேல போட்ட தார்ப்பாய்! எங்கம்மா என்ன, வீட்டு மேல ஏறி மீனா பிடிக்கிறாங்க?"

குழுவில் இன்னொருவனான முகேஷ் சிரித்தான். நான் முறைத்ததும் நிறுத்தினான். ஐந்து மணிக்கு இந்த வரைபடம் வார்டு கூட்டத்துக்குப் போகிறது. இந்த ஊரில் ஏரிக்குள் வீடு என்று எழுதிவிட்டால் அடுத்து இடிக்க ஜேசிபிதான். எங்கள் வீட்டில் முதலில் டிகிரி வாங்கியவள் நான். அந்த டிகிரியை மாட்ட ஒரு சுவராவது மிஞ்ச வேண்டாமா?

"இப்பவே அழிங்க அங்கிள்."

"முடியாதும்மா. அவ லெவலுக்கு, போட்டதும் லாக் ஆயிடும். அவளே நெனச்சாலும் தெறக்காது. அந்த எடத்துல நின்னு அஞ்சு பேர் போட்டோ போட்டாத்தான் தெறக்கும்."

"நான் போடறேன். நான் அங்கயே பொறந்தவ."

"நீ இங்க நிக்கிறியேம்மா."

மணி நாலரை. அரை மணியில் பீன்யா போகப் பறக்கத்தான் வேண்டும். அம்மாவுக்கு போன் அடித்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, ஒரு லிங்க் அனுப்பறேன். அதுல வர்ற ஆப்ப ஏத்திட்டு வாசல்ல நின்னு போட்டோ எடு. தெருவுல எல்லாரையும் எடுக்கச் சொல்லு."

"அடுப்புல கொழம்பு கொதிக்குதுடி."

"நம்ம தெருவ ஏரின்னு போட்டுட்டாங்கம்மா!"

"எவ போட்டா?"

அனன்யா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

எல்லோரும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஏரி அப்படியே இருந்தது. பிறகு, டிங். ஏரியின் நடுவில் ஒரு மஞ்சள் புள்ளி. 'யசோதா: முதல் அடி'. புதிதாகச் சேர்கிறவர்களுக்குத் தருகிற, இருப்பதிலேயே சின்ன பேட்ஜ் அது. போட்டோவில் பாதி வாசல், மீதி அம்மாவின் கட்டைவிரல்.

டிங். லேத் பட்டறை விக்கி அண்ணன். டிங். எதிர் வீட்டு அலர்மேல்மங்கை அக்கா, சீப்பும் கையுமாக. டிங். பக்கத்து வீட்டு ஹரிஷ்.

"சக்கத் குரு!" என்று கன்னடத்தில் பாராட்டி முகேஷ் மேஜையில் தட்டினான்.

ஐந்தாவது அப்பா. ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். அவருடைய புள்ளி ஏரிக்கு வெளியே, அவர் வேலை செய்கிற ஃபேக்டரி மேல் போய் உட்கார்ந்தது. பூட்டு திறக்கவில்லை.

"யோவ், நீ இன்னும் கம்பெனியிலயே இருக்கியாம்," என்று போனில் அம்மா கத்தினாள்.

அனன்யா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "அங்கிள், லொகேஷன் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க! மறுபடி எடுங்க!"

"யாரும்மா நீ?"

"ஏரி போட்டவ அங்கிள்!"

டிங். அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பூட்டு திறந்தது. ஒரே தட்டில் அனன்யா ஏரியை அழித்தாள். ஹாலே கைதட்டியது. நான் மட்டும் தட்டவில்லை. ஏரி போன இடத்தில் வெறும் வெள்ளை.

"காலி மனைன்னு எவனாவது வேலி போடுவான். கை தட்டினது போதும், வரைங்க!" என்றேன்.

ஆளுக்கு ஒரு வரிசை எடுத்துக்கொண்டோம். எந்த வீட்டுக்கு அடுத்து எந்த வீடு என்று அம்மா போனிலேயே தெருவில் நடந்தபடி சொல்லிக்கொண்டு வந்தாள். சுவரில் கட்டம் கட்டமாக எங்கள் தெரு எழுந்தது. என் கோடு கோணிப் போனது, அழித்து மறுபடி போட்டேன்.

"அனுப்பவா?" என்றார் அங்கிள். மணி ஐந்து.

"இருங்க," என்றாள் அம்மா. "பின்னாடி நாம சேத்துக் கட்டின சமையக்கட்ட போட்டாளா?"

அனன்யா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். படத்தில் எங்கள் வீட்டுப் பின்சுவரைப் பிடித்து, சமையலறையும் உள்ளே வரும்படி ஒரு இழுப்பு இழுத்தாள்.

அங்கிள் பட்டனை அழுத்தினார்.