ஹெட்லைட்டை இரண்டு முறை அடித்தால்

1.

இந்தக் கதை எங்கிருந்து கிடைத்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பனிக்குவியலுக்குள்ளிருந்து. அதற்குள் என் வேனைக் கொண்டுபோய்ச் செருகியவன் நான்தான்.

வின்னிபெக், ஜனவரி மாதக் காலை. நான்கு பக்கமும் ‘நில்’ பலகை வைத்த சந்திப்பு. என் பேக்கரியின் பன்களைச் சூடு ஆறும் முன் கடைகளில் சேர்க்கும் அவசரத்தில் வந்தேன். இடப்பக்கம் ஒரு கார், வலப்பக்கம் ஒரு கார். ஹெட்லைட்டை இரண்டு முறை அடித்தேன். நான் பிறந்த பிலிப்பைன்ஸில் அதற்கு ‘நான் வர்றேன், நில்லு’ என்று அர்த்தம். இங்கே ‘நீங்க போங்க’. இத்தனை வருடத்தில் இது என் மண்டைக்கு ஏறிவிட்டது. விரலுக்கு இறங்கவில்லை.

இடப்பக்கத்துக்காரர் நன்றியோடு கையசைத்துவிட்டுக் கிளம்பினார். நான் பிரேக்கை மிதித்தேன். ரோட்டில் கண்ணாடி மாதிரி பனி. வேன் வழுக்கிப்போய்க் குவியலில் குத்தி நின்றது. பன்கள் என் பிடரி வரைக்கும் வந்தன.

வலப்பக்கத்துக் கார் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. கண்ணாடி இறங்கியது. ஓட்டுநர் சீட்டில் ஒரு பெண்.

“கூயா! அடி ஒண்ணும் படலயே?”

கூயா என்றால் எங்களுக்கு அண்ணன். “நம்ம ஊர்னு எப்படிம்மா கண்டுபிடிச்ச?”

“அதான் லைட் அடிச்சீங்களே.”

அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என் வேனைப் பார்த்தார், பிறகு மடியிலிருந்த அட்டையில் என்னவோ எழுதினார். அது ஓட்டுநர் தேர்வு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

2.

கதாநாயகியை அறிமுகப்படுத்த வேண்டும்.

நெனிதாவின் ஊரில் கடல் எப்போதும்…

(வேண்டாம். கடலில் இறங்கினால் கரையேறப் பத்துப் பக்கம் ஆகும்.)

நெனிதா துணிச்சலும் பொறுமையும் ஒருங்கே…

(வரன் தேடும் விளம்பரம் மாதிரி இருக்கிறது.)

நெனிதா பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரத்தில் ஜீப்னி ஓட்டியவள். நீளமான ஜீப், பின்னால் நெருக்கியடித்த ஜனம், ஒரு கையால் சில்லறை கொடுத்துக்கொண்டே மறு கையால் திருப்புவாள். வின்னிபெக்கில் அவளுக்குக் கற்பவர் அனுமதி மட்டும். லைசென்ஸ் உள்ள யாராவது பக்கத்து முன்சீட்டில் உட்கார்ந்திருந்தால்தான் வண்டியைத் தொடலாம். ஊருக்கு வெளியே பஸ் போகாத வீடுகளில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. லைசென்ஸோடு வந்தால் சேர்த்துக்கொள்வார்கள். ஈஸ்டர் வரை காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த வேலை நிலைத்தால்தான் அவள் இலோய்லோவில் விட்டுவந்த மகளை*

* மகளை வாசகர்கள் அழுவதற்காகச் சேர்த்தேன். இந்தப் பக்கத்தை நெனிதாவிடம் படிக்கக் கொடுத்ததுதான் தப்பு. “எனக்கு ஏது கூயா மக? இருக்கறது ஒரு புருஷன். அவருக்காக யாரும் அழ மாட்டாங்க. என்னைத் தவிர.” சரி, கணவனை இங்கே அழைத்துக்கொள்ள முடியும்.

3.

(பனி பற்றிய வர்ணனை இருந்தது. வின்னிபெக்கில் பனியை வர்ணிப்பவனைப் பொதுவாக யாரும் வீட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள். எடுத்துவிட்டேன்.)

4.

அந்த ஞாயிறு தேவாலயத்தில் அவளைப் பார்த்தேன்.

“என்னாச்சும்மா அன்னிக்கு?”

“ஃபெயில்.”

“என்னாலயா?”

“அட, விடுங்க கூயா.”

எங்கள் ஊரில் ‘விடுங்க’ என்றால் ஆமாம் என்றும் அர்த்தம், இல்லை என்றும் அர்த்தம், இன்னொரு பன் கிடைக்குமா என்றும் அர்த்தம். நான் முதலாவதை எடுத்துக்கொண்டேன். மறுவாரத்திலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் என் வேன், என் பெட்ரோல், பக்கத்து சீட்டில் நான்.

சொல்லிக்கொடுப்பவனாக நான் எப்படி? எங்கள் ஆட்கள் வழிகாட்ட விரலை நீட்டுவதில்லை, உதட்டைக் குவித்து நீட்டுவோம். அவளும் ரோட்டை விட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள்.

“ரோட்டப் பாரும்மா!”

“அப்ப வாயத் திறந்து சொல்லுங்க! முத்தம் குடுக்கற மாதிரியே காட்டுனா இடமா வலமான்னு எனக்கு எப்படித் தெரியும்? தேர்வுல அந்தம்மா இப்படியா காட்டுவாங்க?”

வண்டி நிறுத்திய இடங்களில் எல்லாம் அவள் இந்தக் கதையைத் திருத்தினாள். தன் வயதைக் குறைத்தாள். என் தொப்பையைச் சேர்க்கச் சொன்னாள் (சேர்க்கவில்லை). முதல் பகுதியை மட்டும் இரண்டு தடவை படித்துவிட்டு, “இது அப்படியே இருக்கட்டும்” என்றாள். நன்றாக எழுதியிருக்கிறேன் போல என்று நினைத்துக்கொண்டேன்.

5.

நாளை இரண்டாவது தேர்வு. கதையை முடிக்க என்னிடம் இருப்பவை:

அ) தேறிவிடுகிறாள். விமான நிலையத்தில் கணவன், பூங்கொத்து, நான் ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன். (உண்மையில் துடைப்பேன். எழுதத்தான் கூச்சம்.)

ஆ) தேறவில்லை. கடைசி வரியில் பனி கொட்டுகிறது. இலக்கியம் என்பார்கள். அவளிடம் காட்டினால் வேனுக்குள் வைத்தே அடிப்பாள்.

இ) தேர்வு நடக்கும்போது சந்திப்பில் எதிரே ஒருவன் ஹெட்லைட்டை இரண்டு முறை…

(இல்லை. நாளை முழுக்க நான் எந்த சுவிட்சையும் தொடுவதாக இல்லை.)

6.

தேர்வு அலுவலகத்தின் வெளியே காத்திருந்தேன். ஒரு வழியாக நெனிதா வெளியே வந்தாள். எங்களில் ‘ஆமாம்’ சொல்ல வாய் தேவையில்லை, புருவத்தைத் தூக்கினால் போதும். அவளோ கம்பளித் தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டிருந்தாள். புருவம் இருந்ததா, எழுந்ததா, கடவுளுக்கே வெளிச்சம்.

நேராக என் வேனின் ஓட்டுநர் பக்கம் போனாள். கடைகளுக்குப் போட வைத்திருந்த பன் தட்டைத் தூக்கி முன்சீட்டில் வைத்து, பெல்ட்டும் போட்டுவிட்டாள்.

“நீங்க பின்னாடி உக்காருங்க கூயா.”

இதற்கு என்ன அர்த்தம் என்பதை வாசகரிடமே விட்டுவிடுகிறேன். தேவையானதை இரண்டாம் பகுதியிலேயே சொல்லியிருக்கிறேன். நான் பின்சீட்டில் தட்டுகளுக்கு நடுவே என் பெல்ட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சந்திப்பு வந்தது. பனிக்குவியல் கரைந்து அழுக்குத் திட்டாகக் கிடந்தது. ‘நில்’ பலகையில் அவள் முழுதாக நின்றாள். நான் எத்தனையோ ஞாயிறு கேட்டதை இன்னொரு முறை கேட்டேன்.

“அன்னிக்கு நீ ஃபெயிலானது என்னாலதானே?”

கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

“இல்ல கூயா. கிளம்பின உடனே வந்த பலகைலயே நான் நிக்காம போயிட்டேன். அங்கயே முடிஞ்சு போச்சு. உங்கள நான் பார்த்ததே அதுக்கப்புறந்தான்.”

“அப்ப அந்தம்மா என்னப் பாத்து எழுதுனது?”

“வேன்ல இருந்த பேக்கரி பேரு. பன் நல்லா இருக்குமான்னு எங்கிட்ட கேட்டாங்க.”

“இத ஏம்மா இவ்வளவு நாளா சொல்லல?”

“சொல்லியிருந்தா எனக்கு வேன் யாரு குடுத்திருப்பா?”