மாறி நில்லு

அருமனை ஊரில் இஸ்ரவேலுக்கு இரண்டு வேலை. காலையில் முகம், மத்தியானத்துக்கு மேல் பாத்திரம். சாயா குடித்த கையோடு, அகப்பட்டவர் யாரானாலும் பிடித்து உட்காரவைத்து முகத்தை வரைந்துவிடுவார். உபதேசியார், பனையேறி, தேங்காய்ப்பட்டணத்து மீன்காரி, ஒருவரும் தப்பியதில்லை. கை மழுங்காமலிருக்கத்தான் அது. சோறு போட்டது பாத்திரம். பாகம் பிரிக்கிற பெரிய வீடுகளில் மூக்கு வைத்த பழைய வெண்கலக் கிண்டி அண்ணனுக்கு, கிண்டியின் படம் தம்பிக்கு என்று பேசி முடிப்பார்கள். படத்திலிருந்து தண்ணீர் ஊற்ற முடியாதுதான். ஆனாலும் தம்பி வாங்கிக்கொண்டு போவான்.

படம் வரையக் கொண்டுவரும் பாத்திரங்களை இஸ்ரவேலின் மனைவி ஜெபகனி புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கித் தருவாள். அவர் அதை வாசலைப் பார்த்து வைத்துக்கொண்டு உட்காருவார். வெண்கலத்தில் விழுகிற வாசல் வெளிச்சத்தை அப்படியே படத்தில் கொண்டுவருவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. தேய்த்த பாத்திரம் படமாவதைப் பார்க்க ஜெபகனிக்கு ஆசை. ஈரக்கையோடு வந்து அவருக்குப் பின்னால் வாசலில் நிற்பாள்.

“ஏட்டி, நெழலு விழுது. மாறி நில்லு.”

“நான் நிண்ணா கிண்டிக்கு என்ன கேடு?”

“கிண்டிக்கில்ல, படத்துக்கு.”

சிரித்துக்கொண்டே போய்விடுவாள். மறுநாளும் வருவாள். வெட்கங்கெட்ட மனுஷி.

அவளை மட்டும் அவர் வரைந்ததே இல்லை. காலையில் அவளுக்கு அடுக்களையை விட்டு அசைய நேரமில்லை. நாகர்கோவிலில் போய்ப் போட்டோ எடுப்போம் என்று ஒருமுறை அவர் கூப்பிட்டதற்கு, “வீட்டுல படம் வரைய ஆளிருக்கும்ப போட்டோ எதுக்கு?” என்றாள். அதுவும் சரிதானே என்று விட்டுவிட்டார். கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பத்தில், ஆடி மாத மழையில் வந்த காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது.

அடக்கம் முடிந்து சில நாளில் அவள் தம்பி சுந்தரராஜ் வந்தான். “அத்தான், நினைவு ஜெபத்துக்கு அக்காவுக்க படம் ஒண்ணு வேணும். ஊருக்கெல்லாம் வரைஞ்சவருக்கு இது ஒரு வேலையா?”

இஸ்ரவேல் காகிதத்தை விரித்து உட்கார்ந்தார். கண்ணை வரைந்தால் சுந்தரராஜின் கண் வந்தது. வாயை வரைந்தால் மீன்காரியின் வாய். கிண்டியின் மூக்கு எந்தப் பக்கம் எத்தனை வளையும் என்று தூக்கத்திலும் சொல்வார். கட்டியவளின் மூக்கு ஞாபகம் வரவில்லை. அவருக்குப் பயமாகிவிட்டது.

பரணில் அவர் தமக்கென்று வைத்துக்கொண்ட பாத்திரப் படங்கள் கட்டுக்கட்டாக இருந்தன. என்றைக்காவது ஒருநாள் அவள் நிழல் தவறி விழுந்திருக்காதா? கட்டை அவிழ்த்தார். கிண்டி, உருளி, கோளாம்பி, குத்துவிளக்கு. ஒவ்வொன்றின் வயிற்றிலும் குனிந்து உட்கார்ந்திருக்கிற அவர், அவருக்குப் பின்னால் நெல்மணி அளவில் வாசல், வாசலுக்கு வெளியே தென்னை கூடத் தெரிந்தது. அவள் இல்லை. ஒரு புடவைத் தலைப்புகூட இல்லை. அத்தனை சுத்தமாக வேலை செய்திருந்தார் மனுஷர். படங்களை மடியில் போட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

நினைவு ஜெபத்துக்கு வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்ட படம் இருந்தது. படத்தில் ஒரு கிண்டி. சுந்தரராஜுக்கு முகம் சிவந்துவிட்டது.

“அக்கா எங்க அத்தான்?”

இஸ்ரவேல் கிண்டியின் வயிற்றில் தெரிந்த ஆளில்லாத வாசலில் விரலை வைத்தார்.

“இங்கதான் மக்கா நிண்ணா. நாந்தான் மாறி நில்லுன்னு சொல்லிட்டேன்.”