பதினேழாம் எண்காரரின் உப்பு

பல்கலைக்கழக ஊட்டச்சத்து ஆய்வு மையத்துக்கு அந்த வருடம் ஒரே குறிக்கோள்தான்: ஊரார் சாப்பிடும் உப்பைப் பாதியாகக் குறைப்பது. இயக்குநர் அம்மா முதலில் தன் வீட்டில் குறைத்தார், அதுவும் ஒரே நாளில். சர்வேயராக இருந்து ஓய்வுபெற்ற அவருடைய கணவர் தட்டில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

ஆய்வுக்கு அறுபது பேர் வேண்டும். ஓர் ஆள் குறைந்தது. சும்மாதானே இருக்கிறீர்கள் என்று அம்மா கணவரையே சேர்த்துவிட்டார். உப்பைப் பாதியாக்கிச் சாப்பிட்டு, தின்பதையெல்லாம் நோட்டில் எழுத வேண்டும். ஒருநாள் சிறுநீர் முழுவதையும் கேனில் பிடித்துத் தர வேண்டும். சர்வேயர் கேனை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். எண்ணெயா என்று பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார். ஆமாம் என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

யார் எந்த எண் என்பது ஆய்வகப் பெண்ணுக்கு மட்டுமே தெரியும். இயக்குநருக்குக்கூடச் சொல்லக் கூடாது. பதினேழாம் எண்ணின் நோட்டில் வேகவைத்த காய், பழம், மறுபடியும் வேகவைத்த காய். சிறுநீரிலோ மூன்று ஆள் உப்பு. ஆய்வகப் பெண் போன் போட்டுக் கேட்டதும் சர்வேயர் ஒப்புக்கொண்டார்: உப்பு மூக்குக்கண்ணாடிக் கூட்டில் இருந்தது, கண்ணாடியை எடுக்கிற சாக்கில் தட்டில் தூவிக்கொள்வார். வீட்டில் தெரிந்தால் தொலைந்தேன் என்றார்.

எண்ணும் ஆணா பெண்ணா என்பதும் மட்டும் போட்ட அறிக்கையைப் பார்த்துவிட்டு வந்த அம்மா அன்று மாலை சாப்பிடும்போது பொருமினார்.

"அந்தப் பதினேழாம் நம்பர் ஆளோட பெண்டாட்டி பாவங்க. நம்ம வீடு மாதிரியே பக்குவமா சமைச்சுப் போடுறா. இவன் எங்கேயோ போய் உப்பை அள்ளித் தின்னுட்டு வர்றான்."

"சாப்பாடு வாயில வைக்க முடியாம இருந்திருக்கும்."

"அப்போ அவகிட்ட நேரா சொல்ல வேண்டியதுதானே?"

சர்வேயர் இரண்டு வாய் சாப்பிடும்வரை யோசித்தார். பிறகு கண்ணாடிக் கூட்டைத் திறந்து மேசைமேல் வைத்தார். "சொல்லிட்டேன்."

அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள், கணவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, அறுபது பேரையும் மையத்துக்கு அழைத்தார். என் வீட்டிலேயே ஒருவர் ஒளித்துவைத்துத் தின்றார், ஒரேயடியாகக் குறைத்தது என் தப்பு என்று முதலில் தானே சொன்னார்.  முதலில் ஒரு கை உயர்ந்தது. அப்புறம் கைகள் மளமளவென்று எழுந்தன. காரின் இருக்கைக்கு அடியில், அலுவலக டிராயரில், குழந்தையின் பென்சில் டப்பாவில் என்று நாற்பத்தோரு பேரின் உப்பு வெளியே வந்தது.

குறிக்கோள் மாறியது. பாதி என்பது போய், நாக்குக்குத் தெரியாமல் வாரம் ஒரு சிட்டிகை குறைப்பது என்று ஆயிற்று. இதெல்லாம் ஒரு குறிக்கோளா என்று பல்கலைக்கழகக் குழுவில் ஒருவர் இழுத்தார். இதுதான் நடக்கும் என்றார் அம்மா.

நடந்தது. வருடக் கடைசியில் அறுபது பேரின் உப்பில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. சர்வேயருக்கோ அதைவிட அதிகம். பழைய நண்பர் வீட்டு விருந்தில் முதல் வாயிலேயே முகம் சுளித்து, "என்னம்மா, இவ்வளவு உப்பா?" என்று கேட்டுவிட்டார். நண்பரின் மனைவி அதற்குப் பிறகு அவரைச் சாப்பிடக் கூப்பிட்டதே இல்லை.