ஆளுக்குப் பாதி மருந்து

பட்டுநூலுக்குச் சாயம் போட்டுப் போட்டு வேலாயுதத்துக்கும் அவன் பெண்சாதி பூங்காவனத்துக்கும் நகக்கண்ணெல்லாம் பூஞ்சை பிடித்து வீங்கியிருந்தது. வெறும் மாத்திரைக்கு அது அடங்காததால், ஆஸ்பத்திரிக்கு வந்த வேலாயுதத்திடம் மாத்திரையோடு கிராம்புச் சத்துக் களிம்பும் கொடுத்திருந்தார் டாக்டரம்மா. மறுபடி வந்தவனின் விரல்களைப் புரட்டிப் பார்த்தார்.

"கொறையவே இல்லியே. ரெண்டையும் ஒழுங்கா போட்டுகினு வர்றியா?"

"மாத்திரை நான் முழுங்கறேங்க. களிம்பு அவ பூசிக்கறா."

"அட போய்யா! சோத்த நீ துன்னுட்டு கொழம்ப அவளுக்கு ஊத்துவியா? ரெண்டும் ஒரே உடம்புல சேர்ந்தாத்தான் கேக்கும். இப்ப ஒருத்தருக்குத்தான் மருந்து இருக்கு. யாருக்கு?"



"அவளுக்கே குடுங்க. அனுப்பறேன்."

பட்டறைக்குத் திரும்பி, அவள் கையிலிருந்த நூலை வாங்கிக்கொண்டு அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, சாயத் தொட்டிக்குள் கைவிட்டான்.