417ஆம் எண் கடாவுக்கு இரண்டு சொந்தக்காரர்கள்

மொராக்கோவின் செத்தாத் நகருக்கு வெளியே இருந்த ஆட்டுப் பட்டியில் 417ஆம் எண் கடா நின்றது. அதன் இரண்டு கொம்பையும் இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். ஒருவர் ஹாஜி புவஸ்ஸா, கம்பள வியாபாரி. அன்வாருக்கு மாமனார் ஆகப்போகிறவர். கல்யாணத் தேதியை ஹஜ்ஜுப் பெருநாள் கழித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்திருப்பவர். இன்னொருவர் லல்லா ருக்கியா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. இருவரிடமும் ரசீது இருந்தது. பெருநாளுக்கு இன்னும் மூன்று நாள்.

படம் பார்த்து ஆடு வாங்கும் அந்த இணையதளத்தை எழுதியவன் அன்வார். பெருநாள் நெரிசலுக்காக ஒரு ஜாவா சர்வரை இரண்டாக்கினான். விற்காத ஆடுகளின் பட்டியலை, வேகம் கருதி, ஒவ்வொரு சர்வரும் தன் நினைவில் நகல் வைத்துக்கொண்டது. ஒரே ஆட்டை இருவர் கேட்டால் ஒருவர் காத்திருக்கப் பூட்டும் உண்டு. நல்ல பூட்டுதான். ஆனால் அந்தந்த சர்வருக்குள்தான் செல்லும்; இந்த சர்வர் பூட்டியது அந்த சர்வருக்குத் தெரியாது.

"வித்த ஆட்டு முதுகுல சாயம் அடிக்கணும்னு பட்டிக்காரனுக்குத் தெரியுது, உன் மெஷினுக்குத் தெரியலையே?" என்றார் லல்லா.

"அடிச்சுது, லல்லா. ஆளுக்கொரு நகல் முதுகுல அடிச்சுது."

விற்குமுன் பொதுத் தரவுத்தளத்தைக் கேட்டாக வேண்டும், அங்கே ஆட்டின் பதிப்பு எண் (பதிவைத் தொட்டாலே கூடும் எண்) மாறியிருந்தால் விற்பனை இல்லை என்று காலையிலேயே திருத்திவிட்டான். அது இனி விற்கும் ஆட்டுக்கு. இந்த ஆட்டுக்கு முந்தியவர் யார் என்று பார்க்கவேண்டும்.

ஹாஜி அன்வாரின் மடிக்கணினியை எட்டிப் பார்த்தார். "பத்து பதினாலு, ஏழாவது நொடி, நான். ஒம்பதாவது நொடி, இந்த அம்மா. முடிஞ்சுது மாப்ளே, கயித்தக் கொடு."

லல்லாவின் விற்பனையைப் பதிந்த சர்வரின் கடிகாரம் மூன்று நொடி முன்னால் ஓடியது. அந்தப் பட்டியில் அது தெரிந்தவன் அன்வார் ஒருவன்தான். கடாவைப் பார்த்தான். கடா தன் பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"அந்த மெஷின் கடிகாரம் மூணு நொடி வேகம், ஹாஜி. லல்லாதான் முந்தி."

"தம்பி," என்றார் ஹாஜி. மாப்ளே போய்விட்டது. "எவ்வளவு முந்தி?"

"ஒரு நொடி."

"அரை நொடின்னு வையி."

"சரியாச் சொன்னா எண்ணூத்து நாப்பது மில்லிநொடி."

"எண்ணூறு. அதுக்கு மேல ஒரு மில்லி தரமாட்டேன்."

"எண்ணூறுன்னாலும் அவங்கதான் முந்தி."

"நான் கண்ணாடி தேடின நேரம் அது! அதக் கழிக்க மாட்டியா?"

"நான் கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் ஒக்காந்தேன்" என்றார் லல்லா, கொம்பை விடாமல்.

ஹாஜி தன் பக்கத்துக் கொம்பை விட்டார். பட்டியைச் சுற்றிவந்து, இன்னும் விற்காத 431ஆம் எண் கடாவைப் பிடித்து, பல்லைப் பார்த்து, இடுப்பைத் தடவி, பட்டிக்காரன் கையிலிருந்த சாயக்குச்சியைப் பிடுங்கித் தானே அதன் முதுகில் நீளமாக ஒரு கோடு இழுத்தார். பிறகு அன்வார் பக்கம் திரும்பினார்.

"பின்னங்கால நீ பிடி. உன் மெஷினை நம்பி நான் ஊசி கூட வாங்கமாட்டேன்."

அன்வார் பிடித்தான். கடா அவன் முழங்காலில் ஓர் உதை விட்டது. இருவருமாக அதை வண்டியில் ஏற்றினார்கள்.

"பெருநாளுக்கு மறுநாள் உங்கம்மாவக் கூட்டிக்கிட்டு வா," என்றார் ஹாஜி, வண்டிக் கதவைச் சாத்தியபடி. "தேதி பேசணும்."