பதில் வருமுன் பச்சை

மதியம் மூன்று மணி தாண்டினால் இடுப்பு பேச ஆரம்பித்துவிடும். முதலில் வலது பக்கம் ஒரு முணுமுணுப்பு. பிறகு தொடையின் பின்புறம் இறங்கி, குதிகால்வரை ஒரே இழுப்பு. பதினோரு வருஷம் பெட்டியும் மூட்டையும் தாங்கிய இடுப்பு, இப்போது ஒரு நாற்காலியில் உட்காருவதைத் தாங்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. அவன் எழுந்து நின்றுகொண்டே தட்டினான். அலுவலகத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பழகிவிட்டார்கள்.

பழைய கூட்டாளிகள் அவனுக்கு வைத்த பெயரே 'நாற்காலி'. கிடங்கில் சுமை இறக்கிக்கொண்டிருந்தவன். முதுகுத்தண்டில் ஜவ்வு பிதுங்கி எட்டு மாதம் படுத்த படுக்கை. படுத்தபடியே கைபேசியில் பாடம் பார்த்து, இணையப் பக்கங்களுக்கு ஸ்கிரிப்ட் எழுதக் கற்றுக்கொண்டான். அந்தக் கிடங்குக்குத் தினக்கூலி ஆட்களை அனுப்புகிற கம்பெனியே, 'உள்ளே இருந்து வந்த ஆள்' என்று அவனை எடுத்துக்கொண்டது. ஆறு மாதம் தற்காலிகம். நாளை சனிக்கிழமையோடு ஆறு மாதம் முடிகிறது. நாளைக்கே நிரந்தரக் கடிதம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

"நம்ம முதுகுல ஏறிப் போனவன் இல்லடா, தன் முதுகு போய்ப் போனவன். நல்லா இருக்கட்டும்" என்றுதான் கூட்டாளிகள் அவனை வழியனுப்பினார்கள்.

அவன் கட்டி, ஒரு மாதமாக ஓடிக்கொண்டிருந்த பக்கம் இதுதான். முன்பெல்லாம் மறுநாள் வேலைக்குப் பெயர் கொடுக்க, ஷிஃப்ட் முடிந்து மேஸ்திரியின் ஜன்னல் முன்னால் ஒரு மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டும். இப்போது கைபேசி போதும். காலையில் பக்கத்தைத் திறந்து வைத்தால், மாலை ஆறு ஆனதும் பொத்தான் தானாகவே உயிர் பெறும். பேக்கிங்குக்கு இத்தனை இடம், சுமை இறக்க இத்தனை இடம் என்று எண்கள் கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருக்கும். அழுத்தினால் ஒரு சின்ன வட்டம் சுற்றும். சர்வரிலிருந்து பதில் வந்ததும் பச்சை டிக் விழும். பத்து நிமிஷத்தில் எல்லா இடமும் தீர்ந்துவிடும்.

மேனேஜருக்கு அந்த வட்டம்தான் பிடிக்கவில்லை.

"என்னப்பா இது, ஆஸ்பத்திரியில டோக்கன் வாங்கி உக்காந்த மாதிரி? அழுத்தினா டப்புன்னு பச்சை விழ வேணாமா?"

போன சனிக்கிழமை மாற்றிக் கொடுத்தான். அது ஒன்றும் கள்ளத்தனம் இல்லை, பெரிய பெரிய கம்பெனிகளே செய்வதுதான். அழுத்திய உடனே பச்சையைக் காட்டிவிடு, தகவல் பின்னாலேயே சர்வருக்குப் போகட்டும். சர்வர் 'இடம் இல்லை' என்று சொன்னால் பச்சையை எடுத்துவிடு. மேனேஜர் பத்துத் தடவை அழுத்திப் பார்த்துக் குழந்தை மாதிரி சிரித்தார். அவனுக்கும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே அண்ணி வேலைக்குப் போன வேகத்தில் வீடு திரும்பினாள். அண்ணன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் இருபது நாள் சாலையில். அண்ணி அதே கிடங்கில் பேக்கிங். அவன் படுத்திருந்த எட்டு மாதமும் இரண்டு ஷிஃப்ட் பார்த்து அடுப்பை எரிய வைத்தவள். குனிய முடியாதவனுக்குச் செருப்பு வாரை மாட்டிவிட்டவள்.

"என்ன அண்ணி, வந்துட்டீங்க?"

"லிஸ்ட்ல பேர் இல்லைன்னுட்டான் கேட்டுக்காரன்."

"இன்னிக்கு வேலைக்கு அழுத்தினீங்களா?"

"ஞாயிறுதான் லீவாச்சே, சனிக்கிழமை சாயந்திரமே அழுத்தினேன். பச்சை வந்துச்சே."

"பச்சை வந்திருந்தா பேர் இருக்கும் அண்ணி. வேற எதையாவது பாத்திருப்பீங்க."

அன்று மாலை வீட்டில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, அவள் அழுத்தினாள். பச்சை. செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனாள், பெயர் இருந்தது. "பாத்தீங்களா, சரியா அழுத்தினா சரியா வருது" என்றான். புதன்கிழமை காலை மறுபடியும் திரும்பி வந்தாள். அவன் சர்வரில் தேடிப் பார்த்தான். அவள் பெயரில் ஒரு வரிகூட இல்லை.

"நீங்க அழுத்தவே இல்ல அண்ணி. அழுத்தியிருந்தா இங்க இருக்கும்."

"ஏன், நான் அழுத்தும்போது உன் சர்வர் பக்கத்துல நின்னு பாத்துச்சா?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை மூன்றாம் முறை. அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபடி தட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவளிடமிருந்து போன் வந்தது.

"பக்கம் செவப்பா ஆயிருச்சு" என்றாள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "'மூன்று முறை பட்டியலில் பெயர் இல்லாமல் வாயிலுக்கு வந்ததால், உங்கள் பதிவு முப்பது நாட்களுக்கு நிறுத்தப்படுகிறது.' இது நீ எழுதினதுதானே?"

"விதி கம்பெனியோடது அண்ணி. அந்த வரி... ஆமா, நான் எழுதினதுதான்."

"நல்லா எழுதியிருக்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

திங்கள், புதன், வெள்ளி என்று விரல் விட்டு எண்ணினான். ஒரு நாள் வேலை, ஒரு நாள் திருப்பி அனுப்பல். வேலைக்குப் போகாத நாளில் வீட்டிலிருந்து அழுத்துகிறாள், அது போய்ச் சேர்கிறது. வேலைக்குப் போன நாளில் கிடங்கிலிருந்து அழுத்துகிறாள், அது போய்ச் சேரவில்லை. ஒரு குழந்தைக்குக்கூடப் பிடிபடும் கணக்கு. ஐந்து நாளாக அண்ணியின் விரலைத்தான் சந்தேகப்பட்டானே தவிர, தன் கையை ஒரு முறையும் பார்க்கவில்லை.

ஐந்தே முக்காலுக்குக் கிடங்குக்குப் போனான். பெண்கள் உடை மாற்றும் அறைக்கு வெளியே, அடித்தளத்தில், லாக்கர் வைத்த நீளமான நடைவழி. காலையில் எல்லாரும் கைபேசியை அந்த லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும். மாலை ஆறுக்கு அங்கேதான் திரும்பக் கையில் வரும். இருபத்தெட்டுப் படி. ஒவ்வொரு படிக்கும் இடுப்பு ஒரு வசவு வைத்தது.

"ஏய், நாற்காலி கீழ இறங்கி வந்திருக்கு பாருங்கடி!"

"நாலு காலு இருக்கே, இறங்க என்ன கேடு?"

"அதுல ஒரு காலு ஆடுது பாரு. எவளாவது கீழ ஒரு கட்டையைச் செருகுங்கடி!"

சிரிப்பு அடங்குவதற்குள் ஆறு மணி. லாக்கர்கள் படபடவென்று திறந்தன. நாற்பது கைபேசிகள் ஒளிர்ந்தன. மூலையில் ஒரு பெண் பெஞ்சின்மேல் ஏறி, கூரைக்குக் கீழே இருந்த கம்பிச் சன்னலை நோக்கிக் கையை உயர்த்தினாள்.

அதே பெஞ்ச். பதினோரு வருஷம் அவனும் அதன்மேல் ஏறித்தான் அண்ணனுக்குப் போன் போட்டிருக்கிறான். இந்தக் குழிக்குள் சிக்னல் கிடையாது என்பது அவனுக்குத் தெரியாத விஷயமா? வேறு எவனாவது எழுதியிருந்தால், 'ஏசி ரூம்ல உக்காந்து எழுதினவனுக்கு என்ன தெரியும்' என்று முதல் ஆளாகத் திட்டியிருப்பான்.

பக்கத்தில் நின்ற துப்புரவுக்காரம்மாவின் கைபேசியை எட்டிப் பார்த்தான். இடங்கள்: நாற்பது. எண் இறங்கவே இல்லை, செத்துக் கிடந்தது. மேலே சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. அந்தம்மா பொத்தானை அழுத்தினாள். டப்பென்று பச்சை. நிம்மதியாகக் கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"அம்மா, அதைக் கொஞ்சம் குடுங்க. என்கூட மேல வாங்க."

"எதுக்குப்பா? அதான் பச்சை வந்துச்சே."

படியேறினார்கள். பாதிப் படியில் இரண்டு கோடு வந்தது. பக்கத்தைப் புதிதாகத் திறந்தான். பச்சை இல்லை. அவள் பெயர் இல்லை. இடங்கள்: சைபர்.

"வந்துச்சேப்பா" என்றாள் அவள் மறுபடியும், தன்மேலேயே சந்தேகம் வந்தவளைப் போல. "ஒருவேளை நான்தான் சரியா அழுத்தலையோ?"

"நீங்க சரியாத்தான் அழுத்தினீங்கம்மா."

சர்வர் 'சரி' என்றால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தான். 'இல்லை' என்றால் என்ன என்றும் எழுதியிருந்தான். பதிலே வராவிட்டால் என்ன என்று எழுதவில்லை. பதில் வராதபோது பக்கம் பச்சையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றது. சர்வருக்குத் தகவலே போகாததால் யார் யார் ஏமாந்தார்கள் என்ற தடயமும் அங்கே இல்லை. பழைய வட்டம் இருந்தவரை, அது நிற்காமல் சுற்றுவதைப் பார்த்துப் பெண்கள் சலித்துக்கொண்டே படியேறியிருக்கிறார்கள். அதனால்தான் ஒரு மாதம் பிரச்சினை இல்லை.

வாயிலில் கேட்டுக்காரரிடம் போனான். அவர் கையிலே ஒரு சுருண்ட நோட்டு.

"திருப்பி அனுப்புறவங்க பேரை எல்லாம் எழுதி வைப்பேன். நாளைக்கு என் தலையில விடிஞ்சிரக் கூடாது பாரு. மூணு தரம் வந்தவங்களை மட்டும் மேஸ்திரி குறிச்சுக்கிட்டுப் போவாரு."

அதற்கு முந்தைய மாதம் முழுக்க நான்கு பெயர். இந்த ஒரு வாரத்தில் முப்பத்தொரு வரி. அதில் மூன்று அண்ணி. பக்கங்களைப் படம் எடுத்துக்கொண்டான்.

வீட்டில் அண்ணி சீருடையை மடித்துக்கொண்டிருந்தாள். முப்பது நாளைக்குத் தேவைப்படாத துணி. அவன் எதிரே உட்கார முயன்று, முடியாமல் சுவரில் சாய்ந்து நின்றான்.

"அண்ணி, தப்பு என்னோடது."

"எது?"

"அந்தப் பச்சை. அது பொய்ப் பச்சை. நீங்க அழுத்தினது நிஜம்."

அவள் சட்டையின் கையை உள்ளே மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"கேட்டுல நிக்கிறவன் என்னைப் பொய்க்காரின்னான். போடான்னுட்டு வந்துட்டேன். வீட்டுக்குள்ள நீயும் சொன்னா நான் எங்கடா போறது?"

"நாளைக்கு மேனேஜர்கிட்ட சொல்லப் போறேன்" என்றான்.

"நாளைக்குத்தானே உனக்குக் கடிதம் தர்றதா சொன்னாங்க?"

"ஆமா."

அவள் யோசித்தாள். கோபமெல்லாம் ஒரு பக்கம் இருக்க, அந்தக் கடிதம் இந்த வீட்டுக்கு என்னவென்று அவளைவிடத் தெரிந்தவர் யார்? "கடிதத்தை வாங்கிக்கிட்டு, திங்கக்கிழமை சொல்லேன். ரெண்டு நாள்ல நான் செத்தா போயிருவேன்?"

"இன்னிக்கும் ஒருத்தங்களுக்கு அந்தப் பச்சை வந்துச்சு அண்ணி. என் கண்ணு முன்னாடி."

"யாருக்கு?"

"துப்புரவுக்காரம்மாவுக்கு."

அண்ணி சீருடையைப் பெட்டிக்குள் வைக்காமல் ஆணியில் மாட்டினாள். "அப்ப சொல்லிரு."

மறுநாள் காலை மேனேஜர் கடிதத்தை மேசைமேல் வைத்துக்கொண்டேதான் அவன் சொன்னதைக் கேட்டார். கெட்ட மனுஷன் இல்லை. பயந்த மனுஷன்.

"எல்லாக் கம்பெனிக்காரனும் இப்படித்தானே பண்றான்னு நீதானப்பா சொன்ன?"

"அவங்க பக்கத்துல லைக் போடுறாங்க சார். அது போய்ச் சேரலைன்னா யாரும் விடியக்காலம் அஞ்சு மணிக்கு எந்திரிச்சு, ரெண்டு பஸ் மாறி வந்து ஏமாற மாட்டாங்க."

"டப்புன்னு பச்சை வேணும்னு கேட்டது நான். அதையும் எல்லார்கிட்டயும் சொல்லப் போறியா?"

"கேட்டது நீங்க. எழுதினது நான். அந்த அடித்தளத்துல பதினோரு வருஷம் நின்னதும் நான்தான் சார்."

மேனேஜர் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பிறகு மேஸ்திரியைக் கூப்பிட்டு, நிறுத்திய பெயரை மறுபடி சேர்க்கச் சொன்னார். கடிதத்தை எடுத்து இழுப்பறையில் வைத்தார். "இன்னும் மூணு மாசம் போகட்டும்பா. பாத்துக்கலாம்."

"அவங்க இழந்த நாளுக்குக் கூலி, சார்?"

"வேலை செய்யாத நாளுக்கு எந்தத் தலைப்புல எழுதுவேன்? மேல கேக்குறேன். நீ முதல்ல அதைச் சரி பண்ணு."

மதியத்துக்குள் சரி பண்ணினான். வட்டம் திரும்பி வந்தது. எட்டு நொடியில் பதில் வராவிட்டால் வட்டம் மஞ்சளாகும், சிக்னல் கிடைக்கும்வரை ஸ்கிரிப்ட் தானே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். மஞ்சளுக்குக் கீழே 'இணைப்புப் பிழை' என்று எழுதப் போனவன், அதை அழித்துவிட்டு வேறு எழுதினான்: 'உங்கள் பெயர் இன்னும் போய்ச் சேரவில்லை. மூடாதீர்கள். படியேறி வாருங்கள்.'

அன்று மாலை ஆறு மணிக்குப் படிக்கட்டின் மேல்முனையில் நின்றான். கீழே இருந்து வசவு முதலில் வந்தது.

"என்னடா நாற்காலி, பழையபடி பம்பரம் விட்டுட்ட?"

"மஞ்சக்காமாலை வந்திருக்குடி இதுக்கு!"

பிறகு ஆட்கள் வந்தார்கள். கைபேசியை அகல் விளக்கு மாதிரி முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, முட்டி மோதி, படிப்படியாக. பாதிப் படியில் ஒன்று பச்சையானது. அடுத்து இன்னொன்று. சிலருக்குச் சிவப்பு, இடம் தீர்ந்துவிட்டது. அவர்கள் முனகினார்கள். ஆனால் திங்கட்கிழமை விடிகாலையில் எழ வேண்டாம் என்று அவர்களுக்கு இப்போதே தெரியும். முதல் பத்து நிமிஷத்துக்குள் வந்தவர்களுக்கே இடம் என்பதும், அந்த இடம் எல்லாருக்கும் போதாது என்பதும் ஸ்கிரிப்டில் சரி பண்ணுகிற விஷயம் இல்லை.

அண்ணி வாயிலில், கேட்டுக்காரர் பக்கத்திலேயே நின்று அழுத்தினாள். வட்டம் சுற்றியது, பச்சை விழுந்தது. கைபேசியைக் கேட்டுக்காரர் முகத்துக்கு நேரே ஒரு முறை நீட்டினாள். அப்புறம் அவன் பக்கம் திருப்பினாள்.

"இது நிஜம்தானே?"

"நிஜம், அண்ணி."

"அப்ப அந்த மூணு நாளு?"

"என் சம்பளத்துலேர்ந்து..."

"உன் காசு யாருக்கு வேணும்? அது நம்ம வீட்டுக் காசு. இந்தக் கைல இருந்து எடுத்து அந்தக் கைல குடுக்கறதா? கம்பெனி குடுக்கட்டும்."

அதற்கப்புறம் அவன் மேனேஜரிடம் எட்டு முறை கேட்டாகிவிட்டது. மேலே கேட்டிருக்கிறேன் என்கிறார். முப்பத்தொரு நாள் கூலி, அதில் மூன்று அண்ணியுடையது. கம்பெனி இன்னும் கொடுக்கவில்லை.